பல்லுக்குச் சட்டை தைக்கும் இடம்

சுவர் முழுக்கப் பற்கள்! கதவைத் திறந்ததும் அதுதான் கண்ணில் படுகிறது. மஞ்சள் கல்லில் வார்த்த தாடைகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு எண், ஒரு விளையாட்டின் பெயர். பாக்ஸிங், ஹாக்கி, ஹாக்கி, டேக்வாண்டோ, கபடி, மறுபடி ஹாக்கி. ஒன்றில் முன்பல் பாதி உடைந்திருக்கிறது. ஒன்றில் தெற்றுப்பல் ஒய்யாரமாக எட்டிப் பார்க்கிறது. இன்னொன்று, பால்பல் பாதியும் நிலைப்பல் பாதியுமாக ஒரு பொடியனின் வாய்.

சென்னையில் ஒரு பல் கிளினிக்கின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன லேப் இது. முன்னால் ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, பின்னால் இங்கே மவுத்கார்டு பிறந்துகொண்டிருக்கிறது. குத்துச்சண்டையில் ஒரு சுற்று முடிந்து மணி அடித்ததும், பயிற்சியாளர் வீரரின் வாயிலிருந்து எச்சில் நூலோடு ஒன்றை உருவுவாரே, அது! பாட்டில் தண்ணீரில் அலசி, அடுத்த மணிக்கு முன்னால் மறுபடி வாயில் திணிப்பாரே, அதேதான்! வீட்டில் மற்றவர்கள் முகம் சுளிக்கும் அந்த நொடியில் நான் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காருவேன். எப்படி இவ்வளவு கச்சிதமாகப் போய் உட்காருகிறது? அவ்வளவு பெரிய குத்து விழுந்தும் ஏன் கழன்று விழவில்லை? எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறேன். பார்க்க விடுகிறார்கள்!

லேப்பின் ராஜா ஒரு டெக்னீஷியன் அண்ணன். பல்செட் செய்து செய்து பழகிய கை. "பல்செட்டு செஞ்சு குடுத்தா பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணுவாங்க. இதைச் செஞ்சு குடுத்தா பசங்க விசில் அடிக்கிறானுங்க" என்று சிரிக்கிறார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "வாயில நிக்கணும். பல்லைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டே விளையாடக் கூடாது. வாயைத் திறந்து கத்தினாலும் அதுவா மேல்பல்லுல ஒட்டிக்கிட்டு நிக்கணும். நிக்கலைன்னா பையன் கழட்டி சாக்ஸுக்குள்ள சொருகிக்குவான். சாக்ஸுக்குள்ள இருக்குற கார்டு எந்தப் பல்லைக் காப்பாத்தும்?"

இந்த லேப்பில் நடக்கும் ஒவ்வொரு வேலையும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். பாருங்கள்.

முதலில் அளவு

"சும்மா வேடிக்கை பாத்தா எப்படி? உங்க வாயிலயே அளவு எடுத்துருவோம்" என்கிறார் பல் டாக்டர். இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு! நாற்காலியில் தாவி ஏறிக்கொள்கிறேன்.

ரப்பர் கிண்ணத்தில் ஆல்ஜினேட் பொடி. கடல்பாசியிலிருந்து வரும் பொருள் அது. அளந்த தண்ணீரை விட்டு, கிண்ணத்தின் ஓரத்தில் பொடியை அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார் உதவியாளர் பெண். என் கண் முன்னால் அது நிறம் மாறுகிறது! ஊதாவாக இருந்தது இளஞ்சிவப்பாகிறது. கலக்கி முடித்துவிட்டேன், ட்ரேயில் நிரப்பு, வாயில் வை என்று பொடியே நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறது. புதினா வாசனை வேறு. ட்ரேயில் வழித்து, என் மேல்தாடையில் வைத்து அழுத்துகிறார் டாக்டர். குளிர்ச்சி. பிறகு தொண்டைப் பக்கம் ஏதோ நகர்வது போல ஒரு திகில். "மூக்கால மூச்சு விடுங்க, தலையை முன்னால சாய்ச்சுக்கங்க, கால் கட்டைவிரலை ஆட்டிக்கிட்டே இருங்க." கால் விரலை ஆட்டுகிறேன். ஆச்சரியம், குமட்டல் போய்விடுகிறது! கவனம் வாயைவிட்டுக் காலுக்கு இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

சில நிமிடங்களில் இறுகிவிடுகிறது. ஒரே இழுப்பில் 'சப்'பென்று வெளியே வருகிறது. மெதுவாக இழுத்தால் ஓரங்கள் கிழியுமாம். ட்ரேயைப் பார்க்கிறேன். என் பற்கள் குழிகளாக அப்படியே இருக்கின்றன. ஈறின் மடிப்பு, அண்ணத்தின் வரிகள், மேலுதட்டை ஈறோடு பிடித்து வைத்திருக்கும் அந்தச் சின்னத் தசைமடிப்பு வரை! நாக்கை மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள், உங்களுக்கும் தட்டுப்படும். அதற்கு இந்தக் கதையில் பிறகு ஒரு முக்கிய வேடம் இருக்கிறது.

இப்போது எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஆல்ஜினேட் பெரும்பாலும் தண்ணீர்தான். வெளியே வைத்தால் உலர்ந்து சுருங்கும், தண்ணீரில் போட்டால் உறிஞ்சி உப்பும். இரண்டுமே அளவைக் கெடுக்கும். அதனால் அலசி, கிருமிநாசினி அடித்து, ஈரத்துணியில் சுற்றி, லேப்புக்கு ஓட்டம். அண்ணன் ஸ்டோன் பொடியை, அதாவது சுவரில் பார்த்த அந்த மஞ்சள் கல்லின் பொடியை, குழைத்துத் தயாராக நிற்கிறார். ட்ரேயை அதிர்வு மேசையில் வைத்து, ஒரு கடைவாய்ப் பல்லின் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுகிறார். அதிர்வில் ஸ்டோன் ஒவ்வொரு பல்குழியாக இறங்கி, காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே மறுமுனைக்குப் போகிறது. மொத்தமாகக் கொட்டினால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். முன்பல் நுனியில் கடுகளவு குமிழி இருந்தாலும் கார்டு அங்கே உட்காராது. உட்காராத கார்டு எங்கே போகும்? சாக்ஸுக்கு!

"இறுகுறப்ப தொட்டுப் பாருங்க." தொடுகிறேன். கதகதவென்று சுடுகிறது! அடுப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. தண்ணீரோடு சேர்ந்து படிகமாக மாறும்போது அது தானாகவே வெப்பத்தை விடுகிறது. முக்கால் மணி நேரம் போல ஆகும் என்கிறார்.

ஸ்டோன் இறுகும் நேரத்தில் ஒரு லண்டன் கதை

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் வுல்ஃப் கிராஸ் என்று ஒரு பல் மருத்துவர். குத்துச்சண்டைக்காரர்களின் உதடு அவர்களுடைய சொந்தப் பல்லிலேயே பட்டுக் கிழிவதைப் பார்த்துவிட்டு, 1890 வாக்கில், மேடை ஏறும் முன் மேல்பல் வரிசையில் கட்டா பெர்ச்சா பட்டைகளை ஒட்டிவிட ஆரம்பித்தார். மலாய்க் காடுகளின் மரப்பால் அது. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். வேர் சிகிச்சை செய்துகொண்டவர்களே, உங்கள் பல்லுக்குள் டாக்டர் அடைத்து வைத்திருப்பதும் பெரும்பாலும் அதே கட்டா பெர்ச்சாதான்! அவர் மகன் ஃபிலிப் கிராஸும் பல் மருத்துவர், கூடவே குத்துச்சண்டைப் பிரியர். அவர் ரப்பரில், கழற்றி மாட்டக்கூடிய ஒன்றைச் செய்தார். லண்டன் வீரர் டெட் 'கிட்' லூயிஸ் அதை மாட்டிக்கொண்டு தொழில்முறைப் போட்டிகளில் இறங்கினார்.

சண்டை அங்கேதான் ஆரம்பம்! லூயிஸும் அமெரிக்காவின் ஜாக் பிரிட்டனும் 20 தடவை மோதியவர்கள். 1921-ல் நியூயார்க்கில் நடந்த அவர்களுடைய கடைசி மோதலில், வாயில் இருப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று பிரிட்டன் தரப்பு சண்டை போட்டு அதைக் கழற்ற வைத்தது. பல்லைக் காப்பாற்றுவது அந்தக் காலத்தில் கள்ளாட்டம்! 1927-ல்தான் காற்று திசை மாறியது. ஜாக் ஷார்க்கியோடு மோதிய மைக் மெக்டீக்கின் உதட்டை அவருடைய உடைந்த பல்லே கிழித்து, இரத்தம் நிற்காமல் ஆட்டத்தையே இழந்தார். அதற்குப் பிறகு யாரும் பெரிதாக முனகவில்லை. 1947-ல் லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி லில்லிக்விஸ்ட் என்ற பல் மருத்துவர் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் மெல்லியதாகச் செய்தார். வாயில் இருப்பதே வெளியே தெரியாது. அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் அதை விரும்பி மாட்டிக்கொண்டார்கள். 1962-ல் அங்கே உயர்நிலைப்பள்ளிக் கால்பந்தில் கட்டாயமே ஆகிவிட்டது.

எனக்கு மிகப் பிடித்த மவுத்கார்டு காட்சி எது தெரியுமா? 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. பத்தாவது சுற்றில் பஸ்டர் டக்ளஸின் குத்துகளில் மைக் டைசன் விழுகிறார். அதுவரை யாராலும் வீழ்த்த முடியாத மனிதர். தரையில் முட்டி போட்டபடி அவர் கை முதலில் எதைத் தேடுகிறது? கழன்று விழுந்த மவுத்கார்டை! தடவித் தடவி எடுத்து, ஒரு முனையை மட்டும் பல்லில் கவ்விக்கொண்டு, மறுமுனை வாய்க்கு வெளியே தொங்க, எழுந்து நிற்கிறார். உலகமே தலைகீழாகச் சுற்றும் அந்த நொடியிலும் அது வாயில் இருக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

சூடேறும் ஷீட்

சரி, ஸ்டோன் இறுகிவிட்டது! ஆல்ஜினேட்டை உரித்ததும் என் மேல்தாடை மேசையில் நிற்கிறது. அண்ணன் அதை டிரிம்மரில் கொடுத்து அடியைத் தேய்த்து, அண்ணத்தின் நடுப்பகுதியைக் குடைந்து, குதிரை லாடம் போலச் சின்னதாக்குகிறார். மாடல் குட்டையாக இருந்தால்தான் ஷீட் அதிகம் இழுபடாமல் படியுமாம். பிறகு ஷீட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பூச்சு.

அலமாரியைத் திறக்கிறார். அடடா, அத்தனை நிறங்கள்! நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு, வரிக்குதிரைக் கோடு, மினுமினுப்புத் தூள் கலந்தது. எல்லாமே எத்திலீன் வினைல் அசிடேட். லேப்பில் சுருக்கமாக ஈவிஏ. நம் செருப்பின் அடிப்பாகத்தில் நுரையாக இருக்கிறதே, அந்தக் குடும்பம்தான். இங்கே நுரை இல்லாமல் கெட்டியாக. நான் ஆசையாகச் சிவப்பு ஷீட்டை எடுக்கிறேன். "அது பாக்ஸருக்குக் கிடையாது" என்கிறார். அமெச்சூர் குத்துச்சண்டையில் சிவப்புக்குத் தடை. வாயில் இரத்தம் வந்தால் நடுவருக்குத் தெரிய வேண்டுமே! 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்கவசம் இல்லாமலே மோதினார்கள். அப்போதும் மவுத்கார்டை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

நான் நீலத்துக்கு மாறிக்கொள்கிறேன். 4 மில்லிமீட்டர் ஷீட்டைச் சட்டத்தில் மாட்டி, ஹீட்டரின் கீழே தள்ளுகிறார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பளபளப்பு ஏறுகிறது. பிறகு நடுப்பகுதி மெல்ல மெல்லத் தொய்கிறது. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். கண் அந்தத் தொய்வின் மேலேயே இருக்கிறது. குறைவாகத் தொய்ந்தால் பல்லின் இடுக்கில் இறங்காது, அதிகமானால் மெலிந்துபோகும். இப்போது! கைப்பிடியைக் கீழே இறக்குகிறார், காற்று சீறுகிறது, நீல ஷீட் என் பற்களின் மேல் ஒரே மூச்சில் படிந்து ஒவ்வொரு பல்லும் நீலத்தில் எழும்புகிறது! நான் கை தட்டிவிட்டேன். பக்கத்து அறையில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர் பயந்திருப்பார், பாவம்.

இதில் ஒரு தொழில் ரகசியம். சில லேப்களில் காற்றை அடியிலிருந்து உறிஞ்சும் இயந்திரம் இருக்கும். அது நம்மைச் சுற்றியுள்ள காற்று அழுத்தும் அளவுக்குத்தான் ஷீட்டை அழுத்த முடியும். இவரிடம் இருப்பது மேலிருந்து காற்றை அமுக்கும் ரகம், அதைப் போலப் பல மடங்கு அழுத்தும். அழுத்தம் கூடக் கூட, பல் இடுக்குகளுக்குள் ஷீட் ஆழமாக இறங்கும், இரண்டு அடுக்கு ஷீட் ஒன்றோடொன்று உருகி ஒட்டும். இரண்டு அடுக்கு எதற்கு? ஷீட் இழுபடும்போது மெலிகிறது. 4 மில்லிமீட்டராக உள்ளே போனது முன்பல் நுனியில் பாதிக்குப் பக்கமாகக் குறைந்து நிற்கும். அடி வாங்கும் இடமோ அதே முன்பல்தான்! அதனால் முதல் அடுக்கை வெட்டிச் சீர்செய்து, அதன்மேல் இன்னொன்று. காலிப்பரால் அளக்கிறார். முன்பல்லின் முகப்பில் 3 மில்லிமீட்டர், கடிக்கும் பரப்பில் 2. தடிமன் கூடினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்டேன். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் கூடுதலாகக் கிடைக்கும் பலன் சொற்பம், பேச்சும் மூச்சும்தான் கெடும் என்கிறார் டாக்டர்.

அந்த இரண்டு அடுக்குக்கு நடுவில்தான் குதூகலமே! வீரரின் பெயர், ஜெர்ஸி எண், அணியின் சின்னம் எல்லாவற்றையும் அச்சடித்து நடுவில் வைத்து மூடிவிடுகிறார்கள். ரக்பிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அதே இடத்தில் குட்டி சென்சார்களையும் பேட்டரியையும் புதைத்துவிட்டார்கள்! தலை எவ்வளவு வேகமாக உலுக்கப்பட்டது, எவ்வளவு சுழன்றது என்று அது அளந்து, மைதான ஓரத்தில் இருக்கும் மருத்துவரின் கையிலுள்ள திரைக்கு அந்த நொடியே அனுப்புகிறது. 2024 முதல் உலக ரக்பி அமைப்பு உயர்மட்டப் போட்டிகளின் தலைக்காயப் பரிசோதனையில் இதைச் சேர்த்திருக்கிறது. தலைக்கவசத்தில் வைக்காமல் ஏன் வாயில் வைத்தார்கள்? தலைக்கவசம் வழுக்கும். மேல்பல்லோ மண்டையோட்டோடு சேர்ந்தது. பல் அசைந்தால் தலை அசைந்தது என்று பொருள். அதுவும் கார்டு பல்லில் கெட்டியாக உட்கார்ந்திருந்தால்தான். பார்த்தீர்களா, கணினி வந்தாலும் அண்ணனின் அதே சட்டம்!

இப்போது வெட்டு. ஆறிய கார்டை மாடலிலிருந்து எடுத்து வளைந்த கத்தரிக்கோலால் ஓரங்களைச் சீவுகிறார். கன்னமும் ஈறும் சேரும் மடிப்புக்கு 2 மில்லிமீட்டர் கீழேயே நிறுத்திவிட வேண்டும். நடுவில் 'வி' வடிவத்தில் ஒரு சின்ன வெட்டு. நான் சொன்னேனே, அந்தத் தசைமடிப்புக்காகத்தான்! அதற்கு வழி விடாவிட்டால் ஒவ்வொரு முறை உதட்டை அசைக்கும்போதும் உரசிப் புண்ணாகும். புண் வந்தால்? ஆமாம், சாக்ஸ்! ஓரங்களைச் சுழலும் சக்கரத்தில் மழித்து, தீச்சுடரை ஒரு நொடி காட்டியதும் கரடுமுரடெல்லாம் கண்ணாடிபோல வழவழப்பாகிறது. கடைசியாக, கடிக்கும் பரப்பைச் சூடாக்கி என்னைக் கடிக்கச் சொல்கிறார்கள். கீழ்ப்பற்கள் எல்லாம் ஒரே சமமாகப் பதிய வேண்டும். அப்போதுதான் அடி ஒரு பல்லில் மட்டும் இறங்காமல் வரிசை முழுக்கப் பரவும்.

மாட்டிப் பார்க்கிறேன். 'டக்'. அந்தச் சத்தம்! வாயைத் திறக்கிறேன், விழவில்லை. தலையை உலுக்குகிறேன், விழவில்லை. நாக்கால் தள்ளுகிறேன், நகரவில்லை. கண்ணாடியில் நீலப் பல்லோடு இளித்துக்கொண்டு நிற்கிறேன்!

விளையாட்டுச் சாமான் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு வெந்நீரில் போட்டுக் கடிக்கும் ரகம் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைக்கிறது. வெறும் பல்லோடு இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல், இப்போதைக்கு அதுதான் கைக்கு எட்டுகிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் அதைக் கடித்து உருவாக்கும்போது எந்த இடத்தில் பலமாகக் கடிக்கிறோமோ அங்கேதான் அது மெலிகிறது. கையோடு டாக்டரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வெந்நீர்கூடத் தேவையில்லாத, அப்படியே வாயில் வைக்கும் மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அது நிற்கவே நிற்காது. வேண்டாம்.

இதனால் உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்தைக் காட்டுவேன். அங்கே 1998-க்குள் எல்லா மட்ட ரக்பியிலும் மவுத்கார்டைக் கட்டாயமாக்கினார்கள். விபத்துச் செலவை அரசின் காப்பீட்டு அமைப்பே ஏற்கும் நாடு, எனவே ஒவ்வொரு உடைந்த பல்லுக்கும் கணக்கு இருக்கிறது. 1995-க்கும் 2003-க்கும் இடையில் ரக்பியால் வந்த பல் காயங்களுக்கான கோரிக்கை 43 சதவீதம் குறைந்தது! பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மவுத்கார்டு இல்லாதவர்களுக்கு வாய், முகக் காயம் வரும் வாய்ப்பு 1.6 முதல் 1.9 மடங்கு என்கிறது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு எழும்பூர் ஹாக்கி மைதானத்தைத் தாண்டும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம், கல் போன்ற கெட்டி. கோல்கீப்பர் உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடியிருப்பார். பெனால்டி கார்னரைத் தடுப்பவர்கள் முகமூடி போடுவார்கள், முதல் அடி முடிந்ததும் கழற்றி வீசிவிட்டு ஓடுவார்கள். மற்றவர்களுக்கு? வாய்க்கவசம் அணியுமாறு பரிந்துரைக்கிறோம் என்பதோடு சர்வதேச விதி நின்றுவிடுகிறது. தெருவெல்லாம் மட்டையோடு பிள்ளைகள் ஓடும் கோவில்பட்டியில், ஒரு பள்ளி அணி முழுக்க நீலமும் மஞ்சளுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்பதை நான் பார்த்தாக வேண்டும்! வளரும் பிள்ளைகளுக்கு இவர்கள் தனியாகவே யோசித்துச் செய்கிறார்கள். பல் முளைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் மாடலின் மேல் கொஞ்சம் மேடு வைத்து, உள்ளே இடம் விட்டு வார்க்கிறார்கள். கிளிப் போட்ட பிள்ளைகளுக்குக் கம்பியின் மேல் இதே போல. தாடை வளர வளர மாற்ற வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது.

பல் கீழே விழுந்துவிட்டால்?

கார்டு இல்லாமல் ஆடி, பல் முழுசாகக் கழன்று மண்ணில் கிடக்கிறது. என்ன செய்வீர்கள்? டாக்டர் இதைச் சொல்லும்போது குரலே மாறுகிறது, அவ்வளவு முக்கியம். நிலைப்பல் என்றால் பதறாமல் தேடி எடுங்கள். கடிக்கும் பக்கத்தைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். வேரின் மேல் உயிருள்ள செல்கள் ஒட்டியிருக்கின்றன, அவை பிழைத்தால்தான் பல் மறுபடி ஒட்டும். அழுக்கு இருந்தால் லேசாக அலசுங்கள், தேய்க்கவே கூடாது. முடிந்தால் அங்கேயே குழியில் திரும்ப வைத்து, கைக்குட்டையைக் கடித்துப் பிடித்தபடி டாக்டரிடம் ஓடுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள், காகிதத்தில் மடிக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் பொன்னான வாய்ப்பு. பால்பல் என்றால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது, கீழே வளரும் பல்லுக்குக் கேடு.

இந்த இடத்தில் சென்னைக்கு ஒரு பெருமை இருக்கிறது! 2008-ல் இங்குள்ள பல் மருத்துவ ஆய்வாளர்கள் இளநீரை எடுத்துக்கொண்டார்கள். கழன்ற பல்லை அதில் போட்டு வைத்தால் வேர்ச் செல்கள் பிழைக்குமா? அவர்களுடைய சோதனையில் பாலைவிட நன்றாகவே பிழைத்தன! மைதான வாசலிலேயே இளநீர்க்காரர் நிற்கும் ஊருக்கு எப்பேர்ப்பட்ட செய்தி! ஆனால் பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் அதே பதிலைத் தரவில்லை, இளநீருக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. அதனால் உலக அளவிலான வழிகாட்டுதல்களில் பால்தான் முன்னால் நிற்கிறது. டாக்டர் சொல்வதும் அதுவே.

கபடி கபடி கபடி

மாலையில் கிளினிக் கதவைத் திறந்துகொண்டு ஓர் இளைஞர் வருகிறார். ரைடர். போன மாதம் ஒரு கேட்சில் எதிராளியின் முட்டி வாயில் பட்டு, முன்பல் ஓரம் பெயர்ந்திருக்கிறது. அவருடைய கார்டு தயாராகிவிட்டது, இன்று மாட்டிப் பார்க்கும் நாள். நான் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன், இதை விடுவேனா!

குத்துச்சண்டைக்காரர் வாயை மூடிக்கொண்டே ஆடலாம். ரைடரால் முடியுமா? 30 நொடி ரைடு முழுக்க ஒரே மூச்சில், நடுவருக்குத் தெளிவாகக் கேட்கும்படி பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு குழறினால் ரைடே போச்சு. அதனால்தான் கபடிக்காரர்கள் மவுத்கார்டு என்றாலே ஓடுகிறார்கள்.

"போட்டுப் பாடு தம்பி."

அவர் மாட்டிக்கொண்டு மூச்சை இழுத்து ஆரம்பிக்கிறார். "கபலி கபலி கபலி..."

அண்ணன் கையைத் தூக்குகிறார். "நிறுத்து. 'டி' வரலை." கழற்றி வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கபடியில் 'ப' உதட்டில் பிறக்கிறது, அதற்குப் பிரச்சினை இல்லை. 'ட' பிறக்க நாக்கு நுனி மேலே மடிந்து அண்ணத்தைத் தட்ட வேண்டும். அங்கே கார்டின் உள்விளிம்பு தடித்து நிற்கிறது, நாக்கு அதில் மோதி வழுக்குகிறது! எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருக்கிறது. பள்ளியில் எழுத்தின் பிறப்பிடம் படித்தபோது, அது ஒரு நாள் பல் லேப்பில் வேலைக்கு ஆகும் என்று யாராவது சொன்னார்களா?

முன்பக்கம் அடி வாங்கும் இடம், அதை அவர் தொடவில்லை. உள்பக்க ஓரத்தை மட்டும் சக்கரத்தில் கொடுத்து, காகிதம்போல மெலிதாக்கி, சரிவாக ஈறோடு சேர்த்துவிடுகிறார். சுடர் காட்டி வழவழப்பாக்குகிறார். குளிர்ந்த தண்ணீரில் முக்குகிறார். "இப்ப."

"கபதி கபதி..."

மறுபடி சக்கரம். இந்த முறை நகக்கண் அளவுகூட இல்லை, சும்மா ஒரு தொடுகை. அவ்வளவு நேரமும் ரைடர் தம்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மாட்டுகிறார். 'டக்'. நெஞ்சு நிறைய மூச்சு.

"கபடி கபடி கபடி கபடி கபடி கபடி கபடி..."

தெள்ளத் தெளிவு! வரவேற்பறையில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். உதவியாளர் பெண் போனில் நொடி எண்ணுகிறார். தம்பி அறைக்குள்ளேயே குனிந்து, கையை நீட்டி, இல்லாத கேட்சரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். 30 நொடியும் முடிந்து, மூச்சு வாங்க நிற்கும்போதும் கார்டு அசையாமல் பல்லிலேயே இருக்கிறது. அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். ஆடி முடித்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஓட்டை உள்ள டப்பாவில் காய வைத்து மூட வேண்டும், ஈரத்தோடு பைக்குள் போட்டால் கிருமி மண்டும். வெந்நீர் கூடாது, வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்க் கவரில் விடக் கூடாது, வடிவமே போய்விடும். நண்பனுக்கு இரவல் கூடவே கூடாது, அவன் பல்லில் அது நிற்காது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய தம்பி வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறார். "அண்ணே, எங்க லெஃப்ட் கார்னர் என்னைவிட மோசமா அடி வாங்குவான். டீம்ல ஏழு பேரையும் நாளைக்கே கூட்டிட்டு வரட்டுமா?"

அண்ணன் ஆல்ஜினேட் டப்பாவை எடுத்துக் குலுக்கி, எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார். "கூட்டிட்டு வா. ஆனா வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வரக் கூடாதுன்னு சொல்லிரு!"